வலிப்பு என்று யாரும் சொல்லவில்லை

தி. நகரில் ஒரு துணிக்கடையின் இரண்டாவது மாடியில் நான் கண் விழித்தபோது என் வலது கையில் ஒரு ஸ்கூட்டர் சாவியும் ஒரு பீரோ சாவிக்கொத்தும் இருந்தன. இடது கையில் தோசைக் கரண்டி. கீழ்த்தளத்துப் பாத்திரப் பிரிவிலிருந்து யாரோ ஓடிப்போய் எடுத்து வந்திருக்கிறார்கள். விலை ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் இருந்தது. இரும்பை வலது கையில் கொடுப்பதா இடது கையில் கொடுப்பதா என்று என் தலைக்கு மேல் ஒரு வாக்குவாதம் நடந்து, யாரும் விட்டுக்கொடுக்காததால் இரண்டு கையிலும் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு புரிந்தது.

எனக்கு வலிப்பு நோய் உண்டு. ஏழாம் வகுப்பு படிக்கும்போது வந்தது, இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். மூளைக்குள் மின்சாரம் கொஞ்ச நேரம் தாறுமாறாக ஓடும், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும், பிறகு தானாக நின்றுவிடும். இரும்புக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. ஆனால் இழுப்பு தானாக நிற்க ஆகிற நேரமும், கூட்டத்தில் ஒருவர் சாவியைத் தேடிக் கொண்டுவந்து கையில் திணிக்க ஆகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், சாவிக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. ஒரு தடவை வலிப்பு வந்தால் குறைந்தது நான்கு பேர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

ஸ்கூட்டர்காரர் என் தலைமாட்டிலேயே குந்தியிருந்தார். "ஒண்ணும் அவசரமில்ல மேடம். முடிஞ்சிச்சின்னா சாவியக் குட்த்துருங்க. வண்டி நோ பார்க்கிங்ல நிக்கிது" என்றார். விரல்கள் என் பேச்சைக் கேட்காமல் இறுகிக் கிடந்தன. அவரே ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்.

பட்டுப்புடவைப் பையோடு நின்ற ஒரு அம்மா குனிந்து, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. "பாவம்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் வந்தான், மாடிக்குப் பொறுப்பானவன். எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வான் என்று நினைத்தேன். "மேடம், கஸ்டமர்ஸ் பயப்படறாங்க. அந்தப் பக்கம் சர்வீஸ் லிஃப்ட் இருக்கு" என்றான். அட்டைப் பெட்டிகளோடு பெட்டியாக நான் பின்வாசலுக்கு இறக்கப்பட்டேன். அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனவள், வெறும் கையோடு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். அக்கா ஃபோன் செய்து, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள். "லோ பிபி" என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

அந்தப் பெயரை வைத்தவள் அம்மா.

நாங்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அப்பா பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினார். அம்மா எங்கள் பகுதிக் கத்தோலிக்கப் பங்குக்கோயில் நடத்திய நர்சரியில் டீச்சர். முதல் வலிப்பு எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், நன்மை அப்பம் வாங்கப் போகிற வரிசையில் வந்தது. பாடகர் குழுவிலிருந்த ஒரு ஆன்ட்டி, பிள்ளைக்குப் பரிசுத்த ஆவியின் அருள் இறங்கியிருக்கிறது என்றார். முன்வரிசை ஆன்ட்டி, இறங்கியிருப்பது வேறு ஆவி என்றார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு அடையாறில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனார். அவர் படம் எடுத்துப் பார்த்தார், மாத்திரை எழுதினார், இது வலிப்பு, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நன்றாக இருப்பாள் என்றார்.

அம்மா ஒரு இரவு முழுக்க அழுதாள். காலையில் எழுந்து ஏற்பாடுகளை ஆரம்பித்தாள். சொந்தக்காரர்களுக்குத் தலைசுற்றல். பங்கு மக்களுக்கு லோ பிபி. மாடி வீட்டுக்காரர்களுக்கு வெயில். டிசம்பரில் ஒரு தடவை வந்தபோது வெயில் என்று சொல்ல முடியாமல் மழை என்றாள், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு சத்து மாத்திரைக் குப்பியில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். லீவுக்கு வந்த அத்தை மகன் சதை போடும் என்று நம்பி அதிலிருந்து இரண்டை எடுத்து விழுங்கிவிட்டுச் சாயங்காலம்வரை தூங்கினான். அவனுக்கும் லோ பிபி என்று அத்தையிடம் சொல்லிவிட்டாள் அம்மா.

வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. லோ பிபி என்று சொன்ன பிறகும் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. மாடி வீட்டு மாமா கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னார். அடுத்த வீட்டம்மா மத்தி மீன் கொடுக்கச் சொன்னார். மாமா அதைக் கேள்விப்பட்டு மீனை நிறுத்தச் சொன்னார். ஜெபக்குழுவிலிருந்து ஒரு அக்கா வாராவாரம் வந்து என் தலையில் கைவைத்துப் பின்னால் தள்ளுவார். நான் விழாமல் நின்றால் விசுவாசம் போதாது. விழுந்தால், நோய் இன்னும் போகவில்லை. எந்தப் பக்கம் போனாலும் எனக்கு மார்க் கிடையாது.

ஒரு நாள் அந்த அக்கா அம்மாவிடம், "மாத்திரையும் குடுத்துட்டு ஜெபமும் பண்ணா எப்படி சிஸ்டர்? ஆண்டவரை நம்பறீங்களா, மருந்துக் கடையை நம்பறீங்களா?" என்று கேட்டார். அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் குளியலறையில் விழுந்து என் முன்பல் பாதி உடைந்தது. அடுத்த வாரம் அந்த ஜெபக்குழு அக்கா வந்தபோது அப்பா கதவைத் திறந்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை அவர். "ஜெபத்தை உங்க வீட்லேந்து பண்ணுங்க. மாத்திரைய இவ இங்கேந்து சாப்பிடுவா. ஆண்டவருக்கு ரெண்டும் கேக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அம்மா கலங்கிப்போய்ப் பங்குச்சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். அவர், தானும் தினமும் காலையில் பிபி மாத்திரை போட்டுக்கொண்டுதான் பூசை வைப்பதாகச் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு மாத்திரைக் குப்பி அப்பா பொறுப்பில் வந்தது.

கல்யாணப் பேச்சு வந்தபோதும் அப்பா அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளதைச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். "எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க, பையன்தான் யோசிப்பான்" என்றார். பையன் அதுவரை வாயைத் திறந்ததெல்லாம் கேக்குக்காக மட்டும்தான். அவர்கள் போன பிறகு தரகர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், நான் பொய் சொல்லச் சொல்லல. சொல்லாம இருக்கச் சொல்றேன்" என்றார். இப்படி மூன்று நான்கு கேக்குகள் வீணான பிறகு நான் போதும் என்று சொல்லிவிட்டு பி.எட். சேர்ந்தேன்.

மயிலாப்பூரில் வேலை கிடைத்த பள்ளிக்கூடத்தில் இன்டர்வியூவின்போது உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். அப்பா பக்கத்தில் இல்லை. அம்மா வளர்த்த பிள்ளையாக, "லேசா லோ பிபி மேம்" என்றேன். அங்கேயே பல வருஷம் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினேன். மாத்திரையும் தூக்கமும் ஒழுங்காக இருந்தால் எனக்கு வருவதே அபூர்வம். தூக்கம் கெட்டால்தான் வம்பு. தி. நகரில் நடந்தது அப்படித்தான். வகுப்பில் நடந்ததும் அப்படித்தான், தேர்வுத்தாள் திருத்துவதற்காக இரண்டு இரவு கண் விழித்ததன் பலன்.

அன்று செரிமான மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். நடந்தவை பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போர்டில் இரைப்பையை வரைந்து முடித்துச் சிறுகுடலை ஆரம்பித்திருக்கிறேன். கோடு இரண்டு மடிப்பு மடிந்து, பிறகு நேராகக் கீழே இறங்கிப் போர்டின் ஓரத்தைத் தாண்டிச் சுவருக்குப் போயிருக்கிறது. சிறுகுடல் நீளமானதுதான், அவ்வளவு நீளமில்லை என்று முன் பெஞ்சில் யாரோ சிரித்திருக்கிறார்கள். அதற்குள் நான் விழுந்துவிட்டேன்.

பாதிப் பேர் கத்தினார்கள், ஒரு பையன் அழுதான். கிளாஸ் லீடர் எழுந்துபோய், கீழே கிடந்த என் சாக்பீஸை எடுத்து, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத ஆரம்பித்தாள். டீச்சர் கவனிக்காதபோது அதுதான் அவள் கடமை என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அபிராமபுரத்திலிருந்து காரில் வருகிறவள், நன்றாகப் படிப்பாள், அதிகம் பேச மாட்டாள். ஒவ்வொரு சுற்றுலாவுக்கும், நீச்சல் வகுப்புக்கும், 'இவளுக்கு வீசிங் இருப்பதால்' என்று அவள் அம்மாவிடமிருந்து ஒரு சீட்டு வரும். அவள் பெஞ்சைத் தள்ளச் சொன்னாள். இன்னும் இருவரைக் கூப்பிட்டு என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். டிபன் பாக்ஸ் துண்டை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு பி.டி. சார் பைக் சாவியோடு ஓடி வந்தார். "சார், வேணாம் சார், அது வேலை செய்யாது" என்றாளாம். பி.டி. சார் ஆறடி ஆள். ஏழாம் வகுப்புப் பெண் சொன்னதற்காகச் சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்கிறவர் இல்லை. திணித்தார். கொஞ்ச நேரத்தில் நின்றது. சாவிக்கு இன்னொரு வெற்றி.

வலிப்பு முடிந்து விழிக்கிற நேரம் எப்படி இருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. முகங்கள் தெரியும், யாருடையவை என்று தெரியாது. எந்த இடம், காலையா மாலையா, ஒன்றும் பிடிபடாது. அந்தப் பயம்தான் உடம்பு வலியைவிட மோசம். இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் என்னிடம் சோடா வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள், சாமி பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்திருக்கிறார்கள். அன்று என் தோளில் ஒரு சின்னக் கை இருந்தது. காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "மிஸ், நீங்க கிளாஸ்லதான் இருக்கீங்க. இன்னிக்குப் புதன்கிழமை. மத்தியானம். ஒண்ணுமில்ல, முடிஞ்சிடுச்சு."

எனக்குக் கிழமை சொன்ன முதல் ஆள் அவள்தான். அது ஒருத்திக்குத் தேவைப்படும் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கிற நிலையில் அப்போது நான் இல்லை.

மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. "நாங்க உங்களை நினைச்சுத்தான் சொல்றோம். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. இந்த அகாடமிக் இயர் முடியற வரைக்கும்னு வெச்சுக்கோங்களேன். நம்ம ஸ்கூல் ஒரு ஃபேமிலி" என்றார். கல்வியாண்டு பாதிகூட முடிந்திருக்கவில்லை.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்ன ஓடுகிறது என்று கூட வேலை செய்யும் டீச்சர் ஒருத்தி காட்டினாள். தொற்றுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். டீச்சர் மேல் தனக்கு மிகுந்த மரியாதை உண்டு என்று ஆரம்பித்த ஒரு அப்பா, இரண்டாவது வரியில் 'ஆனால்' போட்டு, அதற்குப் பிறகு திரை முடியும்வரை எழுதியிருந்தார். குழந்தைகள் மனது பாதிக்கும் என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். வெங்காயத்தை முகரக் கொடுக்கும் வீடியோ ஒன்றை ஒருவர் போட்டார், அதற்குப் பதினெட்டுக் கைகள் கும்பிட்டன. நடுவில் ஒரு அம்மா, திங்கட்கிழமை ஹிந்தி ஹோம்வொர்க் என்ன என்று கேட்டு, பதில் வராமல், திரும்பவும் கேட்டிருந்தார்.

நான் ரெஸ்ட் எடுக்கவில்லை. அடையாறில் இப்போது என்னைப் பார்க்கிற டாக்டரிடம் போனேன். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். இவள் என்னைவிட வயதில் சின்னவள், சிரிக்கவே மாட்டாள்.

"பாடம் நடத்தலாம்னு சர்டிபிகேட் வேணும்" என்றேன்.

"உங்க பிரின்சிபாலுக்குச் சுகர் இருக்கா?"

"இருக்கு. மேசை டிராயர்ல மாத்திரை வெச்சிருக்காங்க."

"ஸ்கூல் நடத்தலாம்னு அவங்க யார்கிட்ட சர்டிபிகேட் வாங்கினாங்க?"

தெரியாது என்றேன். ஒரு பக்கத்துக்கு எழுதி, அடியில் அழுத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதைக் காட்டியபோது பிரின்சிபாலால் மறுக்க முடியவில்லை. நிபந்தனைகள் மட்டும் போட்டார். இனிமேல் நான் வகுப்பாசிரியை இல்லை. சுற்றுலாவுக்கு வரக்கூடாது. லேப் பக்கம் போகக்கூடாது. மாடி ஏறக்கூடாது என்பதால் என் வகுப்பையே தரைத்தளத்தில், கேன்டீன் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். பிள்ளைகளுக்கு என்மேல் இருந்த மரியாதை அன்றிலிருந்து பல மடங்கு கூடியது.

திரும்பிப் போன முதல் நாள், நான் உள்ளே நுழைந்ததும் கிளாஸ் லீடர் எழுந்தாள். "மிஸ், பிரின்சிபால் மேம் அதப் பத்தி உங்ககிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"சரி."

"அதனால எல்லாரும் கொஸ்டின் எழுதி வெச்சிருக்கோம்."

நான் போர்டில் 'வலிப்பு' என்று எழுதினேன். நாலு எழுத்து. என் கையால் அதை எங்கேயும் எழுதியதாக ஞாபகமில்லை. மூளைப் படம் ஒன்று வரைந்து, கோடு ஓரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று சொன்னேன். கேள்விகள் வந்தன. உள்ளே வலிக்குமா மிஸ்? இல்லை, பிறகுதான் வலிக்கும், ஓடிவிட்டு வந்த மாதிரி. கனவு வருமா? வராது. பி.டி. சார் சாவி? அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். செத்துப்போவீங்களா? எல்லோரும்தான் சாவோம், மாத்திரை சாப்பிட்டால் நான் அவசரப்பட வேண்டியதில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "அந்த மாத்திரை கசக்குமா மிஸ்?"

நான் பதில் சொல்வதற்குள் இரண்டாவது பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "கசக்காது. தொண்டைல ஒட்டிக்கும். தயிர் சாதத்தோட முழுங்கினா போயிடும்."

வகுப்பு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. அவள் முகம் சிவந்துவிட்டது. சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல, பதில் தெரிந்த கேள்விக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது.

"உனக்கு வீசிங்தானே?" என்றாள் கிளாஸ் லீடர்.

"வீசிங் இல்ல."

கேன்டீனில் பஜ்ஜி போடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் பக்கத்தில் உட்கார்கிறவள், யோசித்துவிட்டு, "அப்போ நீ பிக்னிக் வரலாம்ல?" என்று கேட்டாள். அவளும் யோசித்துவிட்டு, "வரலாம்னுதான் நினைக்கிறேன்" என்றாள். அவ்வளவுதான். மறுபடி செரிமான மண்டலத்துக்குப் போனோம். பெரியவர்கள் வருஷக்கணக்காகக் கட்டிக் காத்த ரகசியம் பிள்ளைகளிடம் அரை பீரியடுக்குக்கூடத் தாங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அவள் அம்மா வந்தாள். ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தாள். கோபத்தோடுதான் வந்திருந்தாள், ஆனால் வெளியே கேட்காதபடி மெதுவாகப் பேசினாள்.

"மிஸ், அவ சும்மா விளையாட்டுக்குச் சொல்லிட்டான்னு கிளாஸ்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லிடணும். யூட்யூப்ல ஏதோ பாத்திருக்கா, அதைத்தான் சொன்னான்னு."

"அவ பொய் சொல்லலியே."

"உங்களுக்கு என்ன மிஸ், நீங்க வெளில சொல்லிண்டுட்டேள். எங்காத்துல என் மாமியாருக்கே தெரியாது. ஒரே வீட்டுல இருக்கா, இத்தனை வருஷமா தெரியாது. வீசிங்னு சொல்லி, இன்ஹேலர் ஒண்ணு வாங்கி ஷெல்ஃப்ல வெச்சிருக்கேன். அது டேட் முடிஞ்சா புதுசு வேற வாங்கி வெக்கறேன்."

நான் சிரித்துவிட்டேன். தவறுதான், ஆனால் சத்து மாத்திரைக் குப்பிக்குப் பிறகு இப்படி ஒரு ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் அம்மாவுக்கு இவள் இரண்டு படி மேல்.

"சிரிக்காதீங்கோ மிஸ். நாளைக்கு அவளுக்கு ஒரு இடம் வந்தா, இதை யாராவது கிளறினா?"

"அவளுக்குப் பன்னிரண்டு வயசுதானே ஆகுது?"

"வராமலா போயிடும்?"

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் மட்டுமில்லை. குளியலறையில் உடைந்த பல்லிலிருந்து சர்வீஸ் லிஃப்ட்வரை எல்லாம் சேர்ந்து வந்தது. அவள் பெண்ணை நீச்சலுக்கு அனுப்பாமல், சுற்றுலாவுக்கு அனுப்பாமல் வைத்திருப்பதைப் பற்றி நாலு வார்த்தை சூடாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக, ஏனோ, அன்று நடந்ததைச் சொன்னேன். "உங்க பொண்ணு எனக்கு அன்னிக்கு என்ன கிழமைன்னு சொன்னா. எங்க இருக்கேன்னு சொன்னா. எனக்கு வேற யாரும் அப்படிச் சொன்னதே இல்ல. எங்கே கத்துக்கிட்டான்னு தெரியல."

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அது நான் சொல்றது" என்றாள் கடைசியில். "அவளுக்கு வந்து முடிஞ்சதும் நான்தான் மடியில போட்டுண்டு சொல்லுவேன். கிழமை, நேரம், ஆத்துலதான் இருக்கோம்னு. அப்பதான் அழாம இருப்பா."

அதற்குமேல் இருவராலும் சண்டை போட முடியவில்லை. விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நான் வகுப்பில் சொல்ல மாட்டேன் என்றேன். சரி என்று எழுந்து போனாள்.

வருஷக் கடைசியில் பள்ளிக்கூடம் ஒரு விழிப்புணர்வு விழா நடத்தியது. பேனர், சிறப்பு விருந்தினர், சால்வை, சமோசா. வலிப்பு என்று பேனரில் போட்டால் நன்றாக இருக்காது என்று 'நலமான இளமை' என்று போட்டிருந்தார்கள். தக்க சமயத்தில் செயல்பட்டு ஆசிரியை ஒருவரின் உயிரைக் காத்ததற்காக பி.டி. சாருக்கு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். அவர் மேடையில் சாவியை எடுத்துக் காட்டினார், பலத்த கைதட்டல். அந்த ஆசிரியை சமோசா தட்டுகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பில் பின்னால் நின்றாள். ஏழாம் வகுப்பு வரிசையில் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து மற்றவர்களோடு கை தட்டினாள். கிளாஸ் லீடர் மட்டும் தட்டவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். தட்டு என்று ஜாடை காட்டினேன்.

லீவில் அந்த இரண்டாவது பெஞ்சுப் பெண்ணின் அம்மா டி.சி. வாங்கிக்கொண்டு போனாள். அடையாறில் வேறு ஸ்கூல், வீட்டுக்குப் பக்கம் என்று காரணம் எழுதியிருந்தது. அபிராமபுரத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். மாற்றியதன் காரணம் யாருக்கும் தெரியாத இடம் என்பதுதான். பிக்னிக்குக்கு அவள் கடைசிவரை வரவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. போர்டில் அந்த நாலு எழுத்தை எழுதாமல் இருந்திருந்தால் அவள் தோழிகளோடு எட்டாம் வகுப்புக்கு வந்திருப்பாளே என்றும் தோன்றியது. எழுதியது சரிதான் என்றும் தோன்றியது. இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

சில மாதம் கழித்து டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். அந்தக் காத்திருக்கும் அறை ஒரு தமாஷ். நரம்பு டாக்டர் என்று வாசலில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் தலைவலிக்காகவோ, தூக்கம் வராததற்காகவோ, வேறு யாருக்கோ துணையாகவோ வந்தவர்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் மீன் தொட்டியைப் பார்ப்பார்கள். அன்று உள்ளே நுழைந்ததும் அந்த அம்மாவையும் பெண்ணையும் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்ததும் ஃபோனில் மிக முக்கியமான எதையோ படிக்க ஆரம்பித்தாள். பெண் எழுந்து நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உயரமாகியிருந்தாள்.

"புது ஸ்கூல் எப்படி?" என்றேன்.

"மேத்ஸ் மிஸ் சரியில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மிஸ், நான் பக்கத்துல உக்கார்ற ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டேன். முதல் வாரமே. வந்தா என்ன பண்ணணும்னும் சொல்லிக் குடுத்துட்டேன். அம்மாவுக்குத் தெரியாது."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒருத்தி, அவ தம்பி இன்னும் படுக்கைல ஒண்ணுக்குப் போவான்னு சொன்னா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். இன்னொருத்தி, அவளுக்கு வெச்சிருந்த சப்பாத்தியை எனக்குக் குடுத்துட்டா."

நான் அவளைப் பாராட்டவில்லை. பாராட்டினால் எழுந்து போய்விடுவாள் என்று தோன்றியது. மேத்ஸ் மிஸ் என்ன செய்கிறார் என்று கேட்டேன், விரிவாகச் சொன்னாள்.

தண்ணீர் குடிக்க அவள் எழுந்து போனபோது அவள் அம்மா ஃபோனைப் பைக்குள் வைத்தாள். நடுவில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. அங்கிருந்தே மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு, "உங்களுக்கு டோஸ் எதாவது மாத்தினாளா மிஸ்?" என்று கேட்டாள்.

"எனக்கு இல்ல. அதேதான்."

"இவளுக்கு ஏத்திருக்கா. காலம்பற எழுப்பவே முடியல. ஸ்கூல்ல தூங்கி விழறாளாம்."

"ஏத்தின புதுசுல எனக்கும் அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாள்ல சரியாப் போகும். போகலேன்னா இன்னிக்கே டாக்டர்கிட்டச் சொல்லுங்க, கேட்டுப்பாங்க. கூச்சப்படாதீங்க."

"நீங்க எப்படி மிஸ் சமாளிச்சேள், வேலைக்கும் போயிண்டு?"

"ராத்திரி பேப்பர் திருத்தறதை விட்டுட்டேன். பசங்க மார்க்குக்கு ஒரு வாரம் கூடக் காத்துக்கிட்டு இருக்காங்க."

முதல் தடவையாக அவள் சிரித்துப் பார்த்தேன். எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, ஒரு வேளை மறந்துபோனால் என்ன செய்வது, அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு ஆரம்பித்த பிறகு அடிக்கடி வருமா என்று, இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்க முடியாதவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டாள். நர்ஸ் அவர்களைக் கூப்பிட்டபோது, "இன்னொருத்தரை முன்னாடி அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.